ஆறு நகர்ந்த விதம்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் கண்டுபிடித்து நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கதை எழுத உட்காரவில்லை, நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். தொழிலால் நான் சர்வேயர். தெற்கு ஓக்லஹோமாவில், சிக்கசா என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் பழைய நிலத்தில், இருபத்தேழு வருடமாக முக்காலி நட்டு, கோணம் பார்த்து, யாருடைய வேலி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிப் பிழைக்கிறேன். அறிக்கையில் பதின்மூன்று வரி சுலபமாக ஓடியது. பதினான்காவது வரி இது:

"மேற்படி வாஷிட்டா ஆறு ______________ தன் வழியை மாற்றிக்கொண்டது."

கோடிட்ட இடத்தில் இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம். 'மெல்ல மெல்ல' அல்லது 'ஒரே பாய்ச்சலில்'. ஆறு எல்லையாக இருக்கும் நிலங்களுக்கு இங்கே அதுதான் சட்டம். ஆறு வருடத்துக்கு ஒரு முழம் கரையைத் தின்று நகர்ந்தால், எல்லையும் அதோடு நகரும். இழந்தவன் இழந்தவன்தான். ஆனால் ஒரு வெள்ளத்தில் ஆறு புது வழியை வெட்டிக்கொண்டு பாய்ந்தால், எல்லை பழைய இடத்திலேயே நிற்கும், தண்ணீரே இல்லாத பள்ளத்தில்.

எந்தச் சொல்லை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அறிக்கையை மூடிவிட்டு, பக்கத்தில் வேறொரு கோப்பைத் திறந்து, தமிழில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தக் கோப்பு.

[இது வேலையிலிருந்து தப்பிக்கும் வழி என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.]

2

தொடங்கிப் பார்த்தவை:

"வாஷிட்டா ஆறு சிவப்பாக ஓடியது, ஒரு..." [நிறுத்தினேன். சிவப்பு என்றதும் அடுத்ததாக ரத்தம் வந்து கதவைத் தட்டும். அது இந்த ஊர் மண்ணின் நிறம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.]

"சிக்கசா மக்களை மிசிசிப்பியிலிருந்து துரத்தியபோது அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே தூக்கி வந்தார்கள். பொன்டொடாக் என்றும் டிஷமிங்கோ என்றும் அங்கே இருந்தவை இங்கேயும்..." [உண்மைதான். ஆனால் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. என்னை இந்த வழக்குக்கு அமர்த்திய வெர்லீனிடம் இந்தத் தொடக்கத்தைச் சொன்னேன். "அங்கேருந்து ஆரம்பிச்சா நீ எங்க வீட்டு வாசலுக்கு வர்றதுக்கே எழுபது வருஷம் ஆகும், அதுக்குள்ள கேசு முடிஞ்சிரும்" என்றார்.]

"எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், மைலுக்கு ஒரு சாலை. வடக்கு தெற்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று, கட்டம் போட்ட நோட்டு மாதிரி. இந்தக் கட்டங்களை மதிக்காத ஒரே ஆசாமி ஆறு." [இது பரவாயில்லை. ஆனால் இதில் ஆள் யாரும் இல்லை. நிலத்தைப் பற்றி எழுதும்போது நான் எப்போதும் செய்கிற தப்பு இது.]

ஆகவே ஆளிலிருந்தே தொடங்குகிறேன்.

3

வெர்லீன் ஆல்பர்சன், வயது அறுபத்தாறு. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இந்தக் கவுண்டியில் எந்தப் பாலம் எந்த மழையில் மூழ்கும், எந்த வீட்டு நாய் டயரைக் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் ஜி.பி.எஸ். கருவியை வைத்துக்கொண்டு முழிக்கும் சந்துகளில் அவர் காபிக் கோப்பையோடு வண்டி ஓட்டிக்கொண்டு போவார்.

[நேரில் நான் அவரை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். தமிழில் எழுதினால் 'அக்கா' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டு முறை வெட்டிப் பார்த்தேன், பேச்சு மொட்டையாக நின்றது. விட்டுவிட்டேன்.]

வெர்லீனின் சிக்கசா குடும்பத்துக்கு நூற்றிருபது வருடம் முன்பு அரசு ஆற்றின் வடகரையில் நிலம் ஒதுக்கியது. அப்போதைய அளவுப் படத்தில் ஆறு தெற்கே வளைந்து போகிறது. இப்போது அது வடக்கே, நேராகப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய பதினொரு ஏக்கர் இன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து நிலக்காரர் கிளெல் டிட்வெல்லின் வேலிக்குள் இருக்கிறது. ஓக்லஹோமா மாநிலம் உருவான மறுவருடம், 1908-ல் வந்த வெள்ளத்தில் ஒரே நாளில் ஆறு தாவியது என்பது வெர்லீன் வீட்டுப் பேச்சு. இல்லை, அது வருடக்கணக்கில் ஊர்ந்து வந்தது, பதினொரு ஏக்கரும் ஆறு கொண்டுவந்து போட்ட புது மண் என்பது எதிர்த்தரப்பின் வாதம். பழைய பள்ளம் ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். வாஷிட்டா போன வழியெல்லாம் பள்ளம்தான். பள்ளத்தை வைத்து எதையும் சொல்லலாம், இரண்டு தரப்பு நிபுணர்களும் சொன்னார்கள்.

அந்தப் பதினொரு ஏக்கருக்குள் எங்கேயோ வெர்லீன் குடும்பத்தாரின் ஏழு கல்லறைகள் இருக்கின்றன. கல் இல்லை, சிலுவை இல்லை, மேலே கட்டியிருந்த சிறு மரக்கூரைகள் மக்கிப்போய் எத்தனையோ காலம் ஆகிறது. கிளெல் அந்த நிலத்தை மணல் அள்ளும் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்.

[மணல் அள்ளுவது என்றதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது. வேறு மொழியில் எழுதியிருந்தால் இங்கே ஒரு பத்தி விளக்கம் தேவைப்பட்டிருக்கும்.]

கவனியுங்கள். கல்லறைகள் அங்கே இருந்தால் வழக்கே முடிந்தது. ஆறு அந்த மண்ணைத் தின்றிருந்தால் அதிலிருந்தவர்களையும் தின்றிருக்கும். அவர்கள் இன்னும் படுத்திருக்கிறார்கள் என்றால், ஆறு அவர்களைத் தொடாமல் தாவிப் போயிருக்கிறது. சட்டப் புத்தகம் முழுவதையும்விட அந்த ஏழு பேரின் சாட்சி பெரியது. அவர்களைக் கண்டுபிடித்தால் போதும்.

அதனால் வெர்லீன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன்.

"எந்த எடம்னு தெரியுமா அக்கா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழுதட்டை முன்னால் நீட்டினார். "அங்க."

"அங்கன்னா?"

மறுபடியும் உதடு.

"கையால காட்டுங்களேன்."

"படுத்திருக்கிறவங்கள யாராவது வெரல நீட்டிக் காட்டுவாங்களா? எங்கம்மாவும் இப்படித்தான் காட்டுவாங்க. இதே ஜன்னல்லேருந்து."

"கோர்ட்ல எத்தனை டிகிரின்னு கேப்பாங்களே."

"உதட்டுக்கு டிகிரி இல்லியா? இருபத்தேழு வருஷமா அந்த மூணு கால் பூதத்தத் தூக்கிட்டு அலையறே, இது கூடவா கண்டுபிடிக்கல, அளவுக்காரி?"

ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, நான் திசைகாட்டியை எடுத்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று அந்த உதட்டின் கோணத்தை அளந்தேன். மூன்று முறை காட்டச் சொன்னேன். மூன்று அளவுக்கும் நடுவில் நாற்பது டிகிரி வித்தியாசம். மூன்றாவது முறை அவர் வாயில் திராட்சைக் கொழுக்கட்டை இருந்தது.

4

அடுத்து ஓவர்ட்டன். இவரைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏனென்றால் இவர் வந்தால் சிரிப்பு வருகிறது, நானோ கல்லறையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓவர்ட்டன் சீலி, வெர்லீனின் பெரியம்மா மகன். ஆங்கிலத்தில் இதற்கு 'கசின்' என்று ஒரு மொண்ணைச் சொல்தான் உண்டு. சிக்கசா முறையில் அம்மாவின் அக்காவும் அம்மாதான், அவள் பிள்ளை உடன்பிறந்தவன்தான். இதை நீதிமன்றத்தில் விளக்க வக்கீலுக்கு இருபது நிமிடம் ஆனது. உங்களுக்கு 'தம்பி' என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். இந்தக் கதை தமிழில்தான் எழுதப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றிய இடம் இது.

ஓவர்ட்டன் பழைய துணிமாட்டி இரண்டை வளைத்துக் கம்பியாக்கி, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடப்பார். கீழே கல்லறை இருந்தால் இரண்டு கம்பியும் தானாகக் குறுக்கே மடங்கும் என்பது கணக்கு. இந்த வட்டாரத்தில் சிக்கசாவும் வெள்ளையரும் வித்தியாசமில்லாமல் நம்புகிற ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். கிளெல் அனுமதித்த ஒரு நாளில் என் கருவிகளோடு ஓவர்ட்டனும் வந்தார். திரும்பி வந்து அக்காவிடம் முடிவைச் சொன்னார்.

"அக்கா, அந்த மேட்டுக்குக் கீழ சரியா ஏழு பேரு. கம்பி பொய் சொல்லாது."

"வேலி ஓரத்துலயும் பாத்தியாமே?"

"அங்க பத்தொம்பது."

"நம்ம குடும்பத்துல அவ்ளோ பேரு செத்ததே இல்லடா."

"அது தண்ணிக் குழாயா இருக்கும்."

"பத்தொம்பது குழாயா?"

ஓவர்ட்டன் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன். என் பெட்டியிலிருந்த நவீனக் கருவியும் அன்று அவருடைய துணிமாட்டியைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. மண்ணுக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் கருவி அது. இந்தச் சிவப்புக் களிமண்ணில் அலை இறங்குவதில்லை. திரையில் மழை பெய்தது.

மிச்சமிருந்தது இரும்புக் கம்பி. நாலடி நீளம், விரல் பருமன். என்றோ தோண்டி மூடிய மண்ணில் அது இளகி இறங்கும், தொடாத மண்ணில் முரண்டு பிடிக்கும். தோண்ட வேண்டியதில்லை, குத்திப் பார்த்தாலே போதும். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நீ தூங்கறப்ப யாராவது இரும்புக் கம்பியால குத்திப் பாத்தா எப்படி இருக்கும்?" என்றார் வெர்லீன்.

"அவங்களுக்குத் தெரியாது அக்கா."

"எனக்குத் தெரியுமே."

வக்கீல் வேறு வழி ஒன்று சொன்னார். பெயர்களாவது வேண்டும். நிலம் ஒதுக்கிய காலத்தில் அரசு எடுத்த சிக்கசா பதிவேட்டில் ஒவ்வொருவரும் பெயரோடும் எண்ணோடும் இருக்கிறார்கள், எப்போது இறந்தார்கள் என்பதும் காகிதங்களில் கிடைக்கும். ஏழு பெயரும் வெள்ளத்துக்கு முன் இறந்தவர்களுடையவை என்று காட்டிவிட்டால், அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்ற பேச்சுக்குக் கொஞ்சம் வலு வரும்.

பெயர்கள் வெர்லீனுக்குத் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரே ஒரு முறை சொன்னாராம், "திருப்பிச் சொல்லாத, வெச்சுக்க" என்று. அந்த அம்மாவின் பெயரைக்கூட வெர்லீன் சொல்லி நான் கேட்டதில்லை. இறந்தவர்கள் எல்லோரும் அவர் வாயில் 'அவங்க'தான்.

"பேரச் சொன்னா கூப்பிட்ட மாதிரி. நிம்மதியா படுத்திருக்கிறவங்கள எதுக்கு எழுப்பணும்? எழுப்பி, கோர்ட்டுக்கு வாங்கன்னு சொல்லணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. மணல் வண்டி வந்தால் அவர்கள் தானாகவே எழுந்துவிடுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக இன்றும் சந்தோஷப்படுகிறேன்.

5

வில்லன் வேண்டும் என்று கதை கேட்டது. கிளெல் டிட்வெல் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தார், தூரத்திலிருந்து பார்த்தால்.

முதல் வரைவு: "ஆறடி உயரமும் கழுகு மூக்கும் கொண்ட கிளெல், பேராசை மின்னும்..." [கழுகு மூக்கு என்னுடைய கற்பனை. அவருக்கு இருப்பது சாதாரண மூக்கு, வெயிலில் தோலுரிந்தது.]

இரண்டாம் வரைவு: எழுபத்தொரு வயது. மனைவி போய் நான்கு வருடம். மகள் இருக்கும் ஊர் ஆறு மணி நேரப் பயணம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மாடுகளை விற்றாயிற்று, நிலத்தையும் ஒழித்துவிட்டு மகள் பக்கத்தில் போய்விட வேண்டும். என்னை 'மேடம்' என்பார். கேட்டைத் திறந்துவிடுவார், என் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடப்பார், எதிர்த்தரப்பு ஆள் நான் என்பது நினைவுக்கு வந்ததும் சங்கடத்தோடு கீழே வைப்பார்.

எழுதி முடித்துப் பார்த்தால் வில்லன் போய்விட்டார். மணல் கம்பெனியை வில்லனாக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனியிலிருந்து நான் சந்தித்தது ஒரே ஒரு இளம்பெண், வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆனவள். அவளிடம் ஒரு நல்ல குடைகூட இல்லை.

வில்லன் இல்லாமலேயே கெட்டது நடக்கும். அதை எப்படி எழுதுவது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

6

இனி வருவது போன புதன்கிழமை நடந்தது.

அரசாங்கம் விமானத்திலிருந்து எடுத்த பழைய படம் ஒன்று என்னிடம் உண்டு, 1937-ம் வருடத்தது. அதில் ஆறு ஏற்கெனவே வடக்கே வந்துவிட்டது. அதனால் பயனில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். புதன்கிழமை வேறு எதற்கோ அதைப் பெரிதாக்கியபோது உழவுக் கோடுகள் தெரிந்தன. பதினொரு ஏக்கரிலும் நேர்நேராகக் கோடுகள். ஒரு மூலையில் மட்டும் அவை விலகி, வளைந்து, சுற்றிப் போய், மறுபடி நேராகின்றன. சுற்றப்பட்ட இடம் ஒரு பெரிய அறை அளவு இருக்கும்.

அங்கே என்ன இருந்தது? பாறையா? இந்த ஆற்றங்கரையில் பாறை கிடையாது. மரமா? மரமானால் நிழல் விழுந்திருக்கும். ஒன்றுமே இல்லாத இடத்தை ஓர் உழவன் ஏன் சுற்றிப் போனான்? அவன் யார்? 1937-ல் அந்த நிலத்தை உழுதவர் கிளெலின் தாத்தாவாகத்தான் இருக்க முடியும்.

அடுத்த படத்தை எடுத்தேன், 1956. சுற்றிப் போகிறது. 1969, சுற்றிப் போகிறது. 1984, இப்போது உழவு இல்லை, புல் வெட்டிய கோடுகள். சுற்றித்தான் போகின்றன.

நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் நடந்தேன். என் தொழிலில் இப்படி ஒரு நாள் எப்போதாவதுதான் வரும். ஆனாலும் இது பதினான்காவது வரிக்குப் போதாது என்று நடந்துகொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. காலி இடத்தைச் சுற்றினார்கள் என்பது ஒரு கேள்விதான், பதில் ஆகாது. பதில் தெரிந்தவர் கிளெல். அவரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டால் எங்கள் வக்கீல் என்னைத் தின்றுவிடுவார்.

7

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. சர்வேயர் யாரிடமும் எதையும் கேட்காமல் 'ஒரே பாய்ச்சலில்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். நல்லது ஜெயிக்கிறது. [என் கையெழுத்தின் மேல் இந்தக் கவுண்டியில் நானூறு வேலிகள் நிற்கின்றன. ஒன்று பொய் என்றால் மற்றவற்றை யார் நம்புவார்? தவிர, எதிர்த்தரப்பு வக்கீல் "எப்படித் தெரியும்?" என்று ஒரே கேள்வி கேட்டால் நான் உதட்டை நீட்ட வேண்டியதுதான்.]

ஆ. சர்வேயர் யாருக்கும் தெரியாமல் போய் இரும்புக் கம்பியை இறக்குகிறாள். கம்பி இளகி இறங்குகிறது. வெர்லீனிடம் சொல்லாமலே வழக்கை ஜெயித்துக் கொடுக்கிறாள். [இதை எழுதும்போது கை கூசியது. அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் இங்கே விட்டிருக்கிறேன், ஏனென்றால் வியாழக்கிழமை கம்பியை வண்டியில் ஏற்றியது உண்மை. கேட் வரைக்கும் போனதும் உண்மை.]

இ. வெர்லீன் தோற்கிறார். மணல் வண்டிகள் வருகின்றன. அவர் ஜன்னலருகே நின்று... [முடியவில்லை. என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.]

அதனால் வெள்ளிக்கிழமை வெர்லீனைக் கூப்பிட்டு, படங்களில் பார்த்ததைச் சொன்னேன். 

"நாளைக்குக் காலைல வண்டி எடுக்கறேன். நீ முன்சீட்டுல உக்காரு" என்றார்.

"எங்க அக்கா?"

"கிளெல் வீட்டுக்கு. வேறெங்க?"

"வக்கீல்கிட்ட கேக்கணும்..."

"அவன் என் பஸ்ல வந்தவன்தான். ஆறு வருஷம் பின்சீட்டுல உக்காந்து சூயிங்கம் ஒட்டினவன். அவன்கிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?"

8

வெர்லீன் வீட்டு ஜன்னலிலிருந்து அந்த இடம் முக்கால் மைல்கூட இல்லை. பாலத்தைச் சுற்றிப் போனால் ஒன்பது மைல். முப்பத்தொரு வருடம் கிளெல் வீட்டுச் சாலை முனையில் பேருந்தை நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றியவர், உள்ளே ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. சனிக்கிழமை திரும்பினார்.

கிளெல் புல் வெட்டும் டிராக்டரோடு வயலில்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கி நின்றார். நான் படத்தை நீட்டப் போனேன். அதற்கு வேலையே இல்லை. புதிதாக வெட்டிய வயலுக்கு நடுவில், இடுப்பளவு உயரத்துக்குப் புல் வெட்டாத ஒரு திட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தது. முந்தைய முறை ஓவர்ட்டனும் நானும் வந்தபோது வயல் முழுவதும் புல் வளர்ந்திருந்ததால் தெரியவில்லை.

"கிளெல், அத ஏன் விட்டிருக்கே?" என்றார் வெர்லீன்.

கிளெல் தொப்பியைச் சரிசெய்தார். "எங்கப்பா சுத்திப் போவாரு. நானும் சுத்திப் போறேன்."

"ஏன்னு கேட்டதில்லையா?"

"இல்ல."

"எழுவது வருஷமா?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் வெர்லீன். தெரிஞ்சிருந்தா உன் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும்."

நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டிராக்டரின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"அப்புறம் எப்படி மணலுக்குக் குடுத்தே?" வெர்லீனின் குரல் உயரவில்லை. பேருந்தில் சத்தம் போடும் பிள்ளைகளிடம் பேசுகிற குரல் அது.

"அந்த எடத்த மட்டும் விட்டுட்டு அள்ளச் சொல்லலாம்னு நெனச்சேன்."

"மணல் அள்றவன் சுத்திப் போவானா?"

 பதில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பிறகு கிளெல் சொன்னார். "செவ்வாய்க்கெழமை கோர்ட்ல என்னைக் கேட்டாங்கன்னா, சுத்திப் போறேன்னு சொல்லிடுவேன். எங்கப்பாவும் சுத்தினாருன்னு சொல்லிடுவேன். பைபிள் மேல கைய வெச்சுட்டுப் பொய் சொல்ல வராது எனக்கு. ஆனா அங்க யாரு இருக்காங்கன்னு கேப்பாங்க. அது எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் வெர்லீன்.

அவர் திட்டின் ஓரம் வரை நடந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. நான் பின்னாலேயே போனேன். என் பையிலிருந்த அளவு நோட்டைப் பார்த்து, "பென்சில் இருக்கா?" என்றார். எனக்கு என்னவென்று புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தேன்.

கிளெலுக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் தொப்பியைக் கழற்றினார். திரும்பி நடந்து டிராக்டரில் ஏறினார். கிளம்பப் போகிறாராக்கும் என்று பார்த்தேன். அவர் இன்ஜினை மட்டும் போட்டுவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி அப்படியே உட்கார்ந்தார். அந்தச் சத்தத்தில் பத்தடி தள்ளி இருப்பவருக்கு எதுவும் கேட்காது.

வெர்லீன் என் காதருகே வந்து ஏழு பெயர்களைச் சொன்னார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிறுத்தினார், நான் எழுதி முடிக்கும்வரை. நான்காவது பெயர் மிகச் சின்னது, குழந்தையினுடையது. ஆறாவதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, எழுத்துக்கூட்டல் சரியா என்று கேட்க மறந்துவிட்டேன். ஏழாவதைச் சொன்ன பிறகு அவர் சிக்கசா மொழியில் அந்தப் புல்லைப் பார்த்து ஏதோ பேசினார். நீளமாக, பேச்சுவாக்கில், எழுப்பிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. அப்படித்தானா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினார்.

"அது ஜட்ஜுக்கு. உன் கதைக்கு இல்ல."

"சரிக்கா."

"நீ எழுதிட்டேன்னா எனக்கு எப்படித் தெரியும்? உன் எழுத்துல எது பேரு, எது எருமைன்னே எனக்குத் தெரியாது."

"அந்த எடத்தக் காலியா விடறேன். காலியா இருந்தா எந்த மொழின்னாலும் தெரியும்ல?"

அவர் யோசித்துவிட்டு கியரைப் போட்டார்.

9

இன்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அறிக்கையை மறுபடி திறந்தேன். பதிவேட்டில் ஏழு பெயர்களையும் தேடினேன். ஐந்து பேர் கிடைத்தார்கள், ஐவரும் வெள்ளத்துக்கு முன் இறந்தவர்கள். குழந்தையும் இன்னொருவரும் கிடைக்கவில்லை. பதினான்காவது வரியில் 'ஒரே பாய்ச்சலில்' என்று எழுதினேன். அதன் கீழே எப்படித் தெரியும் என்பதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பெயர்களைத் தனி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீதிபதி உறையோடு ஒத்துக்கொள்வாரா, அல்லது வெர்லீனைக் கூண்டில் ஏற்றி, எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லுங்கள் என்பாரா, தெரியவில்லை. அப்படிச் சொன்னால் வெர்லீன் என்ன செய்வார் என்பதும் தெரியவில்லை. காலையில் தேவாலயத்துக்கு வெளியே கேட்டேன். "செவ்வாய்க்கெழமை வரட்டும்" என்றார். பெரிய சட்டியில் உடைத்த சோளமும் பன்றி இறைச்சியும் கொதித்துக்கொண்டிருந்தன, கிளறப் போய்விட்டார்.

இது உத்தி இல்லை, நம்புங்கள். முடிவை ஒளித்து வைக்க என்னிடம் முடிவே இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது செவ்வாய்க்கிழமை எப்போதோ போயிருக்கும். அந்தப் பதினொரு ஏக்கரில் மணல் குழி இருக்கும், அல்லது வெட்டாத புல் இருக்கும். இரண்டில் எது என்பதற்கு என்னைவிட நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளலாம். கிளெலை என்ன வேண்டுமானாலும் சொல்ல வையுங்கள். நீதிபதியை நல்லவராக்குங்கள், கெட்டவராக்குங்கள். ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பெயர்கள் வர வேண்டிய இடம் இது:

[





]

இதில் எதையும் எழுதாதீர்கள். தாள்களை அச்செடுத்துக்கொண்டு இப்போது வெர்லீன் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார், ஒன்றும் விளங்காது. இந்தக் கதையில் அவரால் படிக்க முடிகிற ஒரே இடம் அதுதான்.